ஒன்றுபட்ட ஐரோப்பாவின் கதை – 19: ஒரு விவசாயி தொடுத்த வழக்கு

1986 டிசம்பர் 24. விடிந்தால் கிறிஸ்துமஸ். அயர்லாந்து அரசுக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. 'ஒற்றை ஐரோப்பியச் சட்டம்' என்ற பெயர் கொண்ட ஒப்பந்தத்துக்கான ஒப்புதல் பத்திரத்தை ரோம் நகரில் இத்தாலிய அரசிடம் ஒப்படைக்க வேண்டும். நாடாளுமன்றம் அந்த மாதமே சட்டம் நிறைவேற்றிவிட்டது. எல்லா நாடுகளின் பத்திரங்களும் சேர்ந்துவிட்டால், புத்தாண்டு அன்று 12 நாடுகளிலும் ஒப்பந்தம் அமலுக்கு வரும். அதுதான் திட்டம்.

அன்றைக்குத்தான் உயர் நீதிமன்ற நீதிபதி டோனல் பாரிங்டன் ஒரு இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தார். வழக்கு முடியும்வரை அயர்லாந்து அரசு அந்தப் பத்திரத்தை ஒப்படைக்கக் கூடாது. தடை கேட்டு வந்தவர் ரேமண்ட் க்ராட்டி. 60 வயதைத் தாண்டியவர். கில்கென்னியைச் சேர்ந்தவர். பல காலம் விவசாயம் பார்த்துவிட்டு, பிறகு பொருளாதாரம் படித்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பின்னால் பெரிய கட்சி எதுவும் இல்லை.

12 நாடுகளின் தலைநகரங்களில் போட்ட கணக்கு ஒரு தனிமனிதரின் மனுவால் நின்றுபோனது. புத்தாண்டு பிறந்தது, ஒப்பந்தம் பிறக்கவில்லை.

சென்ற வாரம் 2005-ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். மே 29 அன்று பிரான்ஸ் மக்களும், ஜூன் 1 அன்று நெதர்லாந்து மக்களும் ஐரோப்பிய அரசியல் சாசனத்தை வேண்டாம் என்று தள்ளினார்கள். பிரான்ஸில் 55 சதவீதம் பேர், நெதர்லாந்தில் 61 சதவீதத்துக்கும் மேற்பட்டோர். அந்தச் சாசனத்தின் பெரும்பகுதி 2007 டிசம்பர் 13 அன்று லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தது. இந்த முறை பிரான்ஸும் நெதர்லாந்தும் மக்களிடம் போகவில்லை. 27 நாடுகளில் 26 நாடுகள் நாடாளுமன்றத்தோடு முடித்துக்கொண்டன. ஒரே ஒரு நாடு மட்டும் வாக்குச்சாவடிகளைத் திறந்தது. அது அயர்லாந்து. ஏன் அந்த ஒரு நாடு மட்டும்? அதற்கு விடை சொல்ல 1986-க்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

மண்ணிலிருந்து எழுந்த கேள்வி

க்ராட்டியின் அரசியல் புத்தகத்திலிருந்து வந்ததில்லை, வயலிலிருந்து வந்தது. கில்கென்னியில் சொந்தமாக நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கியவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பாடுபட்டு விளைச்சலைப் பெருக்கினால் செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகிறது. நிலத்தைப் புல்லாக விட்டு நாலு மாட்டை மேய விட்டால் கையில் காசு நிற்கிறது. நாட்டின் நல்ல நிலமெல்லாம் பாதி விளைச்சலில் கிடக்க, வேலை இல்லாத இளைஞர்கள் கப்பலேறி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் பொருளாதாரம் படிக்கப் போனார். நிலத்துக்கு ஆண்டு வரி போட வேண்டும், வைத்திருப்பவர் உழைத்தாக வேண்டிய நிலை வர வேண்டும் என்று எழுதினார். 1966-இல் வந்த அவருடைய 'ஐரிஷ் விவசாய உற்பத்தி' நூல் அந்த நாட்டின் வேளாண்மை வரலாற்றைப் பேசுகிறவர்கள் தாண்டிப் போக முடியாத நூல்.

1972-இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது அவர் வேண்டாம் என்ற பக்கம் நின்றார். மே 10 அன்று வாக்களித்தவர்களில் 83 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். படுதோல்விதான். ஆனால் அந்த வாக்கெடுப்பில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருந்தது. சேருவதற்காக அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பை மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாது. ஆக, மக்கள் அன்றைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த அனுமதி எதுவரை செல்லும்? 1972-இல் இருந்த அமைப்புக்கு மட்டுமா, பின்னாளில் அது எப்படியெல்லாம் வளர்ந்தாலும் அதற்கெல்லாமா?

14 ஆண்டுகள் கழித்து க்ராட்டி நீதிமன்றத்தில் எழுப்பிய கேள்வி இதுதான்.

பவர் பத்திரமும் கிரயப் பத்திரமும்

ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தில் இரண்டு வகையான விஷயங்கள் இருந்தன. ஒன்று, 1992 முடிவதற்குள் உறுப்பு நாடுகளுக்கிடையே பொருளும் பணமும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் பொதுச் சந்தையை நிறைவு செய்வது. அதற்காகப் பல விஷயங்களில் ஒருமனதாக முடிவெடுக்கும் வழக்கத்தை விட்டுப் பெரும்பான்மை வாக்குக்கு மாறுவது. இரண்டாவது, மூன்றாம் பாகத்தில் இருந்த வெளியுறவுக் கொள்கை ஒத்துழைப்பு. உறுப்பு நாடுகள் வெளியுறவில் தங்கள் நிலையை இறுதியாக முடிவு செய்யுமுன் மற்றவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும். கூட்டாக ஒரு நிலை உருவாவதற்கு முடிந்தவரை குறுக்கே நிற்கக் கூடாது. படிக்க மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில்கூட நடுநிலை காத்த நாடு அயர்லாந்து. நேட்டோவில் சேராத நாடு. அந்த மென்மையான வரிகளுக்குள் கையைக் கட்டும் கயிறு இருக்கிறது என்றார் க்ராட்டி.

1987 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அவர் மனுவைத் தள்ளினார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இதற்கிடையே பொதுத்தேர்தல் வந்து ஆட்சியே மாறிவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரதமராக இருந்த கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டு போய், சார்லஸ் ஹாஹி பிரதமரானார். வழக்கின் பெயர் மட்டும் மாறவில்லை: 'க்ராட்டி எதிர் டீஷாக்'. டீஷாக் என்பது ஐரிஷ் மொழியில் பிரதமரைக் குறிக்கும் சொல்.

ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. பொதுச் சந்தை சம்பந்தப்பட்ட பகுதியை நீதிமன்றம் ஏற்றது. 1972-இல் மக்கள் சேர்ந்தது ஒரு வளரும் அமைப்பில். அதன் அடிப்படை இயல்பும் நோக்கமும் மாறாதவரை பழைய அனுமதியே போதும் என்றார்கள். ஆனால் மூன்றாம் பாகத்தில் நீதிமன்றம் பிளந்தது. தலைமை நீதிபதி தாமஸ் ஃபின்லேயும் ஃபிராங்க் கிரிஃபினும் அரசின் பக்கம். பிரையன் வால்ஷ், ஷேமஸ் ஹென்ச்சி, ஆண்டனி ஹெடர்மன் மூவரும் க்ராட்டியின் பக்கம். மூன்றுக்கு இரண்டு.

அந்த மூவர் சொன்னதை நம் ஊர் வழக்கில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் பிடிபடும். வெளியூரில் இருக்கும் ஒருவர், தன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார். பவர் வாங்கியவர் உழலாம், குத்தகைக்கு விடலாம், தீர்வை கட்டலாம், பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறைப் பேசித் தீர்க்கலாம். விற்கும் அதிகாரம் அந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கவில்லை என்றால், கிரயத்துக்கு அவர் கையெழுத்துப் போதாது. சொந்தக்காரரே சார்பதிவாளர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அயர்லாந்து அரசியலமைப்பின்படி ஆட்சி அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்து வருகிறது. வெளியுறவுக் கொள்கையை நடத்தும் பவரை மக்கள் அரசுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்த நாட்டோடும் பேசலாம், ஒப்பந்தம் போடலாம். ஆனால் அந்தக் கொள்கையைச் சுதந்திரமாக வகுக்கும் உரிமையையே பிறருக்குக் கட்டுப்பட்டதாக எழுதிக் கொடுக்க அரசுக்குப் பவர் இல்லை. சொந்தக்காரர்களைக் கேட்டாக வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பிழை என்று சொன்ன சட்ட அறிஞர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மூன்றாம் பாகம் வெறும் கலந்தாலோசனைதான், அதில் இவ்வளவு கனம் இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாட்டின் உரிமை ஒரே நாளில் பறிபோவதை வரலாற்றில் அரிதாகத்தான் பார்க்கிறோம். 'இதில் என்ன பெரிதாக இருக்கிறது' என்ற சமாதானத்தோடு வரப்பு ஒவ்வொரு ஆண்டும் ஒரு சாண் நகர்வதைத்தான் அதிகம் பார்க்கிறோம். எந்தச் சாணில் நிறுத்திக் கேட்பது என்பதற்கு யாராவது ஒரு கல்லை நட்டாக வேண்டும். அந்த மூன்று நீதிபதிகள் நட்டார்கள்.

மே 26 அன்று வாக்கெடுப்பு நடந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்த ஒப்பந்தத்தைக் குறை சொன்ன ஹாஹியின் ஃபியன்னா ஃபாயில் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் ஆதரித்தது. வாக்களிக்க வந்தவர்கள் 44 சதவீதம். வந்தவர்களில் 70 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஜூலை 1 அன்று, ஆறு மாதத் தாமதத்தோடு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. வழக்கில் வென்ற க்ராட்டி வாக்கில் தோற்றார். ஆனால் அன்றிலிருந்து ஐரோப்பிய ஒப்பந்தம் எதுவானாலும், உரிமையைத் தொடுகிறது என்று சந்தேகம் எழுந்தால் டப்ளின் அரசு மக்களிடம் வந்தாக வேண்டும் என்ற நடைமுறை நிலைபெற்றது. 1992 மாஸ்ட்ரிக்ட், 1998 ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு முறை மக்கள் சரி என்றார்கள்.

வாதத்துக்கு விதிகள்

மக்களைக் கேட்பது என்று முடிவாகிவிட்டால் மட்டும் போதுமா? எப்படிக் கேட்பது? அரசின் கையில் கஜானா இருக்கிறது. அந்தப் பணத்தில் 'சரி என்று வாக்களியுங்கள்' என்று விளம்பரம் செய்தால், வேண்டாம் என்பவரின் வரிப்பணமும் அவருக்கு எதிராகவே செலவாகும்.

1995-இல் விவாகரத்து வாக்கெடுப்பின்போது பட்ரீசியா மெக்கென்னா என்ற பசுமைக் கட்சி உறுப்பினர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். வாக்கெடுப்பில் ஒரு பக்கத்துக்கு மட்டும் அரசு பொதுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 1998-இல் வாக்கெடுப்பு ஆணையம் வந்தது. நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் தலைமையில், கேட்கப்படும் கேள்வியை மக்களுக்கு விளக்குவதுதான் அதன் பணியாக இருந்தது. 2000-இல் ஆண்டனி காக்லன் என்பவர் தொடுத்த வழக்கின் தீர்ப்பு, வாக்கெடுப்பு ஒளிபரப்புகளில் இரு தரப்புக்கும் நியாயமான இடம் வேண்டும் என்றது. இந்தக் காக்லன் க்ராட்டியோடு நெடுங்காலம் சேர்ந்து நின்றவர்.

இந்த விதிகள் ஆளுங்கட்சிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தன. நாடாளுமன்றத்தில் பத்தில் ஒன்பது பங்கு இடம் வைத்திருந்தாலும், வானொலியில் எதிர்த்தரப்புக்குச் சமமாகத்தான் நேரம். இது நியாயமா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயம்தான். தேர்தலில் கட்சிகள் போட்டியிடுகின்றன. வாக்கெடுப்பில் போட்டியிடுவது இரண்டு விடைகள். அங்கே கட்சியின் பலத்தைத் தராசில் ஏற்ற முடியாது.

நீஸ்: வராத மக்கள், வந்த பாடம்

2001 ஜூன் 7. கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்துக்கொள்ள வழி செய்யும் நீஸ் ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரவு. எப்படியும் ஜெயித்துவிடும் என்று யாரும் வீடு வீடாகப் போய்ப் பேசவில்லை. வாக்களிக்க வந்தவர்கள் 35 சதவீதம்கூட இல்லை. அவர்களில் 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 'உனக்குத் தெரியவில்லையா? அப்படியானால் வேண்டாம் என்று போடு' என்ற முழக்கம் ஊரெங்கும் பேச்சானது. அதைப் பொறுப்பற்ற முழக்கம் என்று பலர் கடிந்தார்கள். படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரைதான் அது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் வாசகர்கள் கவனிக்க விரும்புகிறேன். 2001 அக்டோபரில் 'ஐரோப்பா குறித்த தேசிய மன்றம்' அமைக்கப்பட்டது. மாரிஸ் ஹேய்ஸ் அதன் தலைவர். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். டப்ளினோடு நிற்காமல் வெளியூர்களுக்கும் போய்க் கூட்டம் நடத்தினார்கள். ஐரோப்பியச் சட்ட வரைவுகளை அமைச்சர்கள் நாடாளுமன்றத்தின் முன் வைத்து ஆய்வுக்கு விட வேண்டும் என்று 2002-இல் சட்டம் வந்தது. அயர்லாந்தின் ராணுவ நடுநிலையை மதிப்பதாக 2002 ஜூனில் செவில்யா மாநாட்டில் மற்ற நாடுகள் அறிவித்தன. இரண்டாவது வாக்கெடுப்பில் மக்கள் முன் வைத்த திருத்தத்திலேயே ஒரு வரி சேர்ந்தது: மக்களைக் கேட்காமல் ஐரோப்பியப் பொதுப் பாதுகாப்பில் அயர்லாந்து சேராது. 2002 அக்டோபர் 19 அன்று கிட்டத்தட்ட 50 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். 63 சதவீதம் சரி.

மன்றம், ஆய்வுச் சட்டம், நடுநிலை உறுதி, அரசியலமைப்பில் ஒரு காப்பு வரி. முதல் தடவையே மக்கள் தலையாட்டியிருந்தால் இந்த நான்கில் எது கிடைத்திருக்கும்?

லிஸ்பன்: கையில் ஒரு சீட்டு

2008 ஜூன் 12. வாக்குச்சாவடியில் ஒருவர் கையில் கொடுக்கப்பட்ட சீட்டைப் பார்ப்போம். ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் ஒரு கேள்வி: கீழ்க்காணும் மசோதாவில் உள்ள அரசியலமைப்புத் திருத்த முன்மொழிவை ஏற்கிறீர்களா? மசோதாவின் பெயர்: அரசியலமைப்பின் 28-ஆவது திருத்த மசோதா, 2008. சரி, வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். அவ்வளவுதான். அந்த மசோதாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சாவடிக்கு வருமுன்னே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள முயன்றவர்கள் எதைக் கண்டார்கள்? லிஸ்பன் ஒப்பந்தம் தனி நூலாகப் படிக்கும்படி எழுதப்பட்டதில்லை. முந்தைய ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல், அந்தப் பத்தியை நீக்கி இந்தப் பத்தி என்று திருத்தங்களின் வரிசையாகவே அது இருந்தது. பழைய ஒப்பந்தங்களை ஒரு பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒட்டிப் பார்த்தால்தான் பொருள் வரும். பிரதமர் பிரையன் கவனே தான் அதை முழுதாகப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்தின் ஆணையராக இருந்த சார்லி மெக்ரீவியும் படிக்கவில்லை என்றார்; நிதானமுள்ள யாரும் படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்ற பொருளிலும் பேசினார். அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பரவியது. தாம் படிக்காத பத்திரத்துக்கு நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறார்களா என்று மக்கள் கேட்டதில் என்ன தவறு?

நாடாளுமன்றக் கட்சிகளில் ஷின் ஃபேன் மட்டுமே எதிர்த்துப் பிரச்சாரம் செய்தது. வெளியிலிருந்து தொழிலதிபர் டெக்லன் கேன்லியின் லிபர்டாஸ் அமைப்பு களத்தில் இறங்கியது. விளக்குக் கம்பங்களில் இரு தரப்பு அட்டைகளும் தொங்கின. எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. சிலருக்கு நடுநிலை பற்றிய கவலை. சிலருக்கு 12.5 சதவீத நிறுவன வரியில் பிரஸ்ஸல்ஸ் கை வைக்குமோ என்ற பயம். சிலருக்குக் கருக்கலைப்புச் சட்டம். அந்த ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்துக்கு எப்போதும் ஓர் இடம் இருக்காது என்பது எல்லோரையும் உறுத்தியது. 2014 முதல் ஆணையர்களின் எண்ணிக்கையை மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்பது ஒப்பந்தத்தில் இருந்தது. உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் மாட்டிறைச்சி விலை அடிபடுமோ என்று பயந்த விவசாயிகள் சங்கம், அரசிடமிருந்து உறுதிமொழி வாங்கிய பிறகே, வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஆதரவு தந்தது. பயங்களில் சில ஒப்பந்தத்தில் இல்லாதவை. வாக்கெடுப்பு ஆணையம் அவற்றைத் திருத்த முயன்றது; அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் வாக்குப்பதிவு முன்னதாகவே நடந்தது. பெட்டி கடல் தாண்டி வர வேண்டும், வானிலை கெட்டால் எண்ணிக்கைக்கு வந்து சேராது என்பதால் அந்த ஏற்பாடு. நூறு பேர்கூட இல்லாத தீவுக்கும் ஒரு பெட்டி போய் வந்தது.

மறுநாள் எண்ணிக்கை. அயர்லாந்தின் எண்ணும் கூடங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை விரிக்கும்போது, தடுப்புக்கு மறுபுறம் கட்சித் தொண்டர்கள் தாளும் பென்சிலுமாகச் சாய்ந்து நின்று, கண்ணில் பட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கோடு போடுவார்கள். எந்தப் பெட்டி எந்தப் பகுதியுடையது என்பது அவர்களுக்குத் தெரியும். அதிகாரபூர்வ முடிவுக்குப் பல மணி நேரம் முன்பே அந்தக் கோடுகள் கதையைச் சொல்லிவிடும். அன்றும் சொல்லின. டப்ளினின் வசதியான தெற்குப் புறநகர்கள் சரி என்றன. உழைப்பாளர் குடியிருப்புகளும் கிராமப்புறத்தின் பெரும்பகுதியும் வேண்டாம் என்றன. 43 தொகுதிகளில் சரி என்றவை பத்தே பத்து. வேண்டாம் என்றவர்கள் 8,62,415 பேர். சரி என்றவர்கள் 7,52,451 பேர். 53.4 சதவீதம் வேண்டாம்.

கேட்கலாமா, கூடாதா?

அந்த ஒரு முடிவு ஐரோப்பா முழுக்கப் பழைய வாதத்தைக் கிளறிவிட்டது. ஒப்பந்தங்களை மக்கள் வாக்குக்கு விடுவது முறைதானா?

கூடாது என்பவர்களின் வாதம் வலுவற்றதில்லை. 50 கோடி மக்களின் ஏற்பாட்டை 9 லட்சம் பேர்கூட இல்லாத ஒரு கூட்டம் நிறுத்தலாமா என்றார்கள். ஒப்பந்தம் என்பது பல ஆண்டுகள் பேரம் பேசி, ஒன்றை விட்டு ஒன்றைப் பெற்று நெய்த துணி. ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களில் அதை எப்படி அளப்பது? வாக்காளர் ஒப்பந்தத்தைப் பார்த்து வாக்களிப்பதில்லை, விலைவாசியையும் பிரதமரையும் பார்த்துத்தான் வாக்களிக்கிறார். படித்து முடிவெடுக்கத்தானே நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறோம்? ஜெர்மனியில் இதுபோன்ற ஒப்பந்தங்கள் தேசிய வாக்கெடுப்புக்குப் போவதே இல்லை. வாக்கெடுப்பைச் சர்வாதிகாரிகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திய வரலாற்றை அந்த நாடு மறக்கவில்லை.

வேண்டும் என்பவர்கள் சொன்னது: நாடாளுமன்றம் சட்டம் போடலாம், அடுத்த நாடாளுமன்றம் அதை நீக்கலாம். ஒப்பந்தம் அப்படியில்லை, ஒரு தடவை கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவது எளிதில்லை. ஐந்தாண்டுப் பொறுப்பில் இருப்பவர் ஐம்பதாண்டு உரிமையை எப்படிக் கொடுப்பார்? டென்மார்க் இதற்கு ஒரு நடு வழி வைத்திருக்கிறது. இறையாண்மையை வெளியமைப்புக்கு மாற்றும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும். அது கிடைக்காவிட்டால் மக்களிடம் போக வேண்டும். 1992 ஜூன் 2 அன்று மாஸ்ட்ரிக்டை டென்மார்க் மக்கள் மயிரிழையில் தள்ளியது அப்படி நடந்த வாக்கெடுப்பில்தான்.

பிரிட்டனில் வாதம் வேறு வடிவம் எடுத்தது. 2005 தேர்தலில் ஐரோப்பிய சாசனத்தை வாக்கெடுப்புக்கு விடுவதாகத் தொழிற்கட்சி வாக்குறுதி தந்திருந்தது. லிஸ்பன் வந்தபோது, இது சாசனம் இல்லை, வெறும் திருத்த ஒப்பந்தம் என்றது அதே அரசு. 2008 மார்ச் 5 அன்று வாக்கெடுப்பு கோரிய தீர்மானம் 311-க்கு 248 என்று தோற்றது. சட்டப்படி அந்த அரசு செய்தது சரியாக இருக்கலாம். கேட்கிறேன் என்று சொன்னவர்கள் கேட்காமல் போனதை மக்கள் மனதில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கசப்பு பிறகு எங்கே போய் முடிந்தது என்பதை இந்தத் தொடரின் கடைசி வாரங்களில் பார்ப்போம்.

மறுபடியும் ஒரு சீட்டு

வேண்டாம் என்ற அயர்லாந்தை 2009 அக்டோபர் 2 அன்று மறுபடி கேட்டார்கள். 67 சதவீதம் சரி. 59 சதவீத வாக்குப்பதிவு. இரண்டு டோனகல் தொகுதிகள் மட்டும் பிடிவாதமாக நின்றன. சரியான விடை வரும்வரை கேட்பது ஜனநாயகமா என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அது சாகவில்லை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுபடி கேட்பது தன்னளவில் தவறில்லை. வேண்டாம் என்றவர் ஏன் வேண்டாம் என்றார் என்று விசாரித்து, அதற்கு ஏற்றபடி எதையாவது மாற்றிக்கொண்டு வந்து கேட்டால், அது பேச்சுவார்த்தையின் அடுத்த சுற்று. ஒன்றையும் மாற்றாமல் கேட்டால் அது மிரட்டல். லிஸ்பனில் இரண்டும் கலந்திருந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் நீடிப்பார் என்று 2008 டிசம்பரில் 27 நாடுகளும் ஒத்துக்கொண்டன. வரி, நடுநிலை, குடும்பம், உயிர்வாழும் உரிமை பற்றிய சட்ட உறுதிகள் 2009 ஜூனில் வந்தன. இன்றைக்கும் மால்டாவுக்கும் லக்சம்பர்குக்கும் ஐரோப்பிய ஆணையத்தில் ஒரு நாற்காலி இருப்பது அயர்லாந்து மக்களின் அந்த 'வேண்டாம்' வாங்கித் தந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. இடையில் 2008 செப்டம்பரில் வங்கிகள் சரிந்தன, வேலைகள் போயின. தனியாக நிற்க முடியுமா என்ற பயமும் அந்த 67 சதவீதத்துக்குள் இருந்தது. அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் நான் கேட்பதன் பக்கமே நிற்கிறேன். 2008 வாக்கெடுப்புக்குப் பின் வேண்டாம் என்றவர்களிடம் காரணம் கேட்டபோது, 'புரியவில்லை' என்பதே மேலே வந்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை விளக்குவதற்கு அரசும் வாக்கெடுப்பு ஆணையமும் பட்ட பாடு முதல் தடவை பட்டதைவிடப் பல மடங்கு. மக்கள் கையில் சீட்டு இருந்ததால்தான் அந்தப் பாடு. பிரான்ஸில் 2008 பிப்ரவரி 4 அன்று வெர்சாய் அரண்மனையில் கூடிய நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, சில நாளில் லிஸ்பனுக்கு ஒப்புதல் தந்தது. 2005-இல் வேண்டாம் என்ற பிரெஞ்சுக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து ஏன் என்று கேட்க வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

ரேமண்ட் க்ராட்டி 1994 ஜனவரி 1 அன்று காலமானார். நீஸையும் லிஸ்பனையும் அவர் பார்க்கவில்லை. 1972-லும் 1987-லும் மக்கள் அவர் சொன்னதற்கு எதிராகவே வாக்களித்தார்கள். அதற்காக மக்களைக் கேட்பதே வீண் என்று அவர் முடிவுக்கு வரவில்லை. தனக்கு எதிராக விடை சொல்லக்கூடிய அதே மக்களிடம் கேட்க வேண்டும் என்றுதான் வழக்குப் போட்டார். 2008-இல் மேற்குத் தீவுகளிலிருந்து கடல் தாண்டி வந்த ஒவ்வொரு பெட்டியும், 2009-இல் அவர் பக்கத்தைத் தோற்கடித்த பெட்டிகளும், 1987-இல் வந்த அந்தத் தீர்ப்பின் பேரில்தான் புறப்பட்டன.

(அடுத்த வாரம்: கார்ல்ஸ்ரூஹ நீதிமன்றம். ஜெர்மனி தன் மக்களைக் கேட்கவில்லை. ஆனால் அதன் நீதிபதிகள் லிஸ்பனுக்கு ஒரு எல்லை போட்டார்கள்.)